ஜிகினாத் தகடு ஒட்டிய பழைய நடிகர் படம்: புதுப்பிப்பதா, இருந்தபடி காப்பதா?

உவர்மலைவாசி, திருகோணமலை (கேள்வி)

அன்புடையீர்,

பழைய அச்சுப்படங்களைச் சேகரிப்போரும் அவற்றைப் பேணத் தெரிந்தோரும் இங்கு இருப்பதால், அண்மையில் என் பொறுப்புக்கு வந்த ஒரு படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கேட்க விரும்புகிறேன். என் அம்மப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில், ஊரார் டொக்யார்ட் என்று சொல்லும் இடத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டபோது, அங்கு குடியிருந்த ஒரு குடும்பம் விட்டுச் சென்ற தளபாடங்களோடு இந்தப் படமும் எங்கள் வீட்டுக்கு வந்ததாகப் பெரியம்மா சொல்வார். இவ்வளவு காலமும் அது அவருடைய வீட்டு விறாந்தைச் சுவரிலேயே தொங்கியது. இப்போது வீட்டைத் திருத்தும் வேலை நடப்பதால் என்னிடம் தந்திருக்கிறார்.

படம் ஏறத்தாழ பத்து அங்குல உயரமும் எட்டு அங்குல அகலமும் கொண்டது. கடற்கரையில் ஒரு மாலுமி கால்களை அகல வைத்து, வலது கையில் வளைவாளை ஓங்கியபடி நிற்கிறான்; பின்னால் மெல்லிய கோடுகளால் வரைந்த கடலும் ஒரு பாய்க்கப்பலும் தெரிகின்றன. முகமும் கைகளும் நீர்வர்ணத்தால் தீட்டப்பட்டிருக்கின்றன. உடையில்தான் அதிசயம். மேற்சட்டை இருக்க வேண்டிய இடத்தில் உண்மையான நீலப் பட்டுத்துணி ஒட்டப்பட்டிருக்கிறது. சட்டத்தின் ஓரம் மறைத்த பகுதியில் இன்னும் கருநீலமாக இருக்கும் அத்துணி, வெளிச்சம் பட்ட தோளில் சாம்பல் நிறமாக வெளிறிவிட்டது. சட்டையின் பொத்தான்கள் ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீற்றர் அளவே உள்ள வட்டத் தகடுகள்; நடுவில் சிறு குமிழ் எழும்படி அவற்றை அச்சில் குத்தியிருக்கிறார்கள். இடுப்புப்பட்டை சிவப்பாக மின்னும் தகடு. வாளின் அலகு கறுத்துப்போன வெள்ளித் தகடு. இரண்டு பொத்தான்கள் விழுந்துவிட்டன. அவை இருந்த இடத்தில் பசையின் வட்டமான பழுப்புக் கறை மட்டும் நிற்கிறது. இடுப்புப்பட்டையின் கீழ்விளிம்பில் பச்சை நிறப் பொடி படிந்திருக்கிறது.

படத்தின் அடியில் ஆங்கிலத்தில், மிஸ்டர் ரி. பி. குக், வில்லியம் பாத்திரத்தில் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் கீழே, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் மட்டும் தெரியும் எழுத்தில், ஸ்கெல்ட், ஸ்வான் வீதி, மினரிஸ், இலண்டன் என்று இருக்கிறது.

நகரில் படச்சட்டம் செய்யும் ஒருவரிடம் காட்டினேன். அவர் விழுந்த பொத்தான்களுக்குப் பதிலாகப் புதிய தங்கத்தாள் ஒட்டி, மற்றத் தகடுகளைப் பித்தளைக்குப் பூசும் மெருகால் துடைத்து, வெளிறிய துணியையும் மாற்றித் தருவதாகச் சொல்கிறார். இன்னொரு நண்பர், யாரோ சிறு பிள்ளை விளையாட்டாகத் துணி ஒட்டிக் கெடுத்த படம் இது, ஒட்டியவற்றை நீக்கிவிட்டால் அடியிலுள்ள அச்சுக்காவது மதிப்பிருக்கும் என்கிறார். இரண்டையும் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இது என்ன வகைப் படம், இந்த அலங்காரம் அந்தக் காலத்ததுதானா, இதை எப்படிப் பேணுவது என்பதை அறிந்தோர் சொன்னால் பேருதவியாக இருக்கும். இத்தகைய படங்களை மேலும் சேர்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு வந்துவிட்டது.

அச்சுப்பட ஆர்வலர், இலண்டன் (முன்னர் நிலாவெளி)

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பர் சொல்வதைக் கேட்டு ஒரு தகட்டைக்கூட உரித்துவிடாதீர்கள். அவர் கெடுதல் என்று கருதும் அந்தத் துணியும் தகடும்தான் இந்தப் படத்தின் உயிர். அச்சுப் பிரதிகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தவை. இந்தக் கைகள் இப்படி அலங்கரித்த பிரதி உலகில் இது ஒன்றே.

இங்கிலாந்தில் இவற்றை ரின்செல், அதாவது ஜிகினா, அச்சுப்படங்கள் என்பார்கள். இவற்றின் பிறப்பு பொம்மை நாடக அரங்குகளோடு சேர்ந்தது. 1811ஆம் ஆண்டளவில் வில்லியம் வெஸ்ட் என்ற இலண்டன் பதிப்பாளர், அப்போது மேடையில் ஓடிக்கொண்டிருந்த நாடகங்களின் பாத்திரங்களைச் சிறு உருவங்களாகத் தாளில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். பிள்ளைகள் அவற்றை வெட்டியெடுத்து, அட்டையில் ஒட்டி, வீட்டிலேயே நாடகம் நடத்தினார்கள். இதே பதிப்பாளர்கள் புகழ்பெற்ற நடிகர் ஒருவரை மட்டும் தாள் நிறைய நிறுத்திய பெரிய உருவப்படங்களையும் வெளியிட்டார்கள். உங்களிடம் இருப்பது அந்த வகை. வர்ணமில்லாத படம் ஒரு பென்னி, கையால் வர்ணம் தீட்டியது இரண்டு பென்னி. அதை வாங்கிச் சென்றவர், தகடுகளைத் தனியே வாங்கி வீட்டில் அமர்ந்து அலங்கரித்தார்.

தகடு என்பது மிக மெல்லியதாக அடிக்கப்பட்ட உலோகம். அதன் மேல் ஒளி ஊடுருவும் வர்ண வார்னிஷைப் பூசிச் சிவப்பு, பச்சை, நீலம், பொன் என்று நிறம் ஏற்றுவார்கள். பிறகு எஃகு அச்சுகளால் குத்தி நட்சத்திரம், புள்ளி, மார்புக்கவசம், தலைக்கவசம், வாள், இறகு என்று உருவாக்கி விற்பார்கள். உங்கள் மாலுமியின் பொத்தான்கள் அப்படிக் கடையில் வாங்கப்பட்டவை. துணி, தோல், இறகு ஆகியவற்றை வீட்டிலுள்ள துண்டுகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். சிலர் படத்தின் மேல் ஒட்டினார்கள். பொறுமை மிக்கவர்கள் உடையின் கோட்டோரமாகத் தாளை வெட்டி நீக்கி, பின்புறமிருந்து துணியை வைத்தார்கள். உங்களுடையது எது என்பதைத் தோள்பட்டையின் விளிம்பைப் பார்த்தே சொல்லலாம்: தாளின் வெட்டு விளிம்பு துணிக்கு மேலே நின்றால் பின்னாலிருந்து வைத்தது.

உங்கள் படத்திலுள்ள ஆள் சாதாரணமானவர் அல்லர். தோமஸ் பொட்டர் குக் 1786இல் பிறந்தவர். பத்து வயதளவிலேயே பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து, 1797இல் சென் வின்சென்ற் முனைக் கடற்போரில் இருந்தவர். பின்னர் மேடைக்கு வந்து, 1823இல் பிராங்கன்ஸ்டைன் கதையின் முதல் நாடக வடிவத்தில் அந்தப் பூதமாக நடித்துப் பார்ப்போரை நடுங்கவைத்தார். ஆயினும் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது டக்ளஸ் ஜெரோல்ட் எழுதிய 'பிளாக் ஐட் சூசன்' என்ற நாடகத்தின் வில்லியம் என்ற மாலுமிப் பாத்திரமே. 1829 யூன் மாதத்தில் இலண்டன் சரே அரங்கில் அது மேடையேறி நூற்றைம்பது இரவுகளுக்கு மேல் ஓடியது. மேடையில் மாலுமியாக நின்ற மனிதர் உண்மையிலேயே கப்பலில் வேலை செய்தவர் என்பது பார்வையாளருக்குத் தெரியும். அத்தகைய ஒருவரின் படம் கடற்படைத் தளம் உள்ள ஊருக்கு ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. பெரியம்மா சொன்ன வரலாற்றை அவர் வாய்மொழியாகவே, திகதியிட்டு, இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பின்புறத்தில் ஒட்ட வேண்டாம். தனித்தாளில் எழுதிப் படத்தோடு வைத்திருங்கள்.

காலத்தைக் கணிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். நாடகம் 1829இல் வந்தது என்பதற்காகப் படமும் 1829 என்று எழுதிவிடக் கூடாது. ஸ்கெல்ட் நிறுவனம் மினரிஸ் பகுதியிலிருந்து பெருமளவில் வெளியிட்டது 1830களின் நடுப்பகுதிக்குப் பின்னரே. குக்கும் அந்தப் பாத்திரத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நடித்தார். ஆகவே படத்துக்கான தேவையும் தொடர்ந்தது. அதோடு, இந்தப் பதிப்பாளர்கள் படம் அச்சிடும் செப்புத்தகட்டை ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கி, பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரைப் பொறித்து மீண்டும் அச்சிட்டார்கள். இங்கிலாந்தில் 1735இல் வந்த செதுக்குப்பட உரிமைச் சட்டம், உரிமை கோருபவர் தம் பெயரையும் வெளியிட்ட நாளையும் அந்தச் செப்புத்தகட்டில் பொறிக்க வேண்டும் என்றது. அதனால்தான் அந்தச் சிறு எழுத்து வரி படத்தின் அடியில் நிற்கிறது. நாள் பொறிக்கப்பட்டிருந்தாலும் அது செப்புத்தகட்டிலிருந்து படம் முதலில் வெளியான நாளே; உங்கள் கையிலுள்ள பிரதி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் அச்சாகியிருக்கலாம். பலர் சட்டத்துக்குள் அடக்குவதற்காக இந்த வரியையே வெட்டி எறிந்துவிட்டார்கள். உங்களுடையதில் அது எஞ்சியிருப்பது பெரிய பேறு.

அலங்காரம் அந்தக் காலத்ததா என்று கேட்டிருந்தீர்கள். இருட்டறையில் ஒரு கைமின்விளக்கைப் படத்தின் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள். பழைய பசை சுருங்கித் தாளை மெல்ல இழுத்திருக்கும். தகட்டைச் சுற்றித் தாளில் அலைபோன்ற நெளிவு தெரியும். அடுத்து, கடைகளில் பணத்தாளைச் சோதிக்கும் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். 1950களுக்குப் பிந்திய தாள்களில் வெண்மையூட்டும் இரசாயனம் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருப்பதால் அவை நீலவெள்ளையாக ஒளிரும். பழைய கந்தைக்கூழ்த் தாள் மங்கலாகவே கிடக்கும். தகடு அலுமினியமாக இருந்தால் அது பிற்காலத்தில் சேர்த்தது என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனெனில் 1886இல் மின்பகுப்பு முறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அலுமினியம் மலிவாகக் கிடைத்தது. உங்கள் வாளின் அலகு கறுத்திருக்கிறது என்றீர்கள். அலுமினியம் அப்படிக் கறுக்காது. பச்சைப் பொடியும் செம்பு கலந்த பழைய தகட்டையே காட்டுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நல்ல, கைபடாத பிரதி என்றே நினைக்கிறேன்.

தாள்காப்பாளர், கொழும்பு

மேலே எழுதியவர் படத்தின் வரலாற்றை நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் பழைய ஆவணங்களையும் படங்களையும் பேணும் வேலையில் பல காலம் இருந்தவள் என்ற முறையில், கேள்வியின் மற்றப் பாதிக்கு மட்டும் பதில் தருகிறேன்.

உவர்மலைவாசி அவர்களே, பித்தளை மெருகைப் படத்துக்கு அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் இருப்பதால், மங்கிய உலோகம் எதைக் கண்டாலும் தேய்க்க வேண்டும் என்று கை துடிக்கும். குத்துவிளக்கு திண்மையான வார்ப்பு. அதில் ஒரு படை போனாலும் விளக்கு இருக்கும். இந்தத் தகட்டின் நிறமோ உலோகத்தில் இல்லை, அதன் மேலுள்ள வார்னிஷில் இருக்கிறது. மெருகு முதலில் அந்த வார்னிஷைத்தான் கரைக்கும். சிவப்பு இடுப்புப்பட்டை ஒரே துடைப்பில் வெறும் செம்பு நிறமாகிவிடும். மெருகின் ஈரமும் அமிலமும் விளிம்பு வழியே தாளுக்குள் இறங்கிக் கறையாக விரியும். துணியை ஈரத்தால் துடைப்பதும் அதே அளவு ஆபத்தானது, ஏனெனில் மாப்பசையும் விலங்குப் பசையும் நீர் பட்டதும் இளகிப் பொங்கும்.

நீங்கள் கண்ட பச்சைப் பொடி, செம்பு கலந்த தகடு ஈரக் காற்றோடும் உப்போடும் சேர்ந்து அரிக்கப்படுவதால் உண்டாவது. கடலை மூன்று பக்கமும் வைத்திருக்கும் திருகோணமலையில் இது எதிர்பார்க்க வேண்டியதே. அந்தப் பொடி கீழிருக்கும் தாளையும் மெல்ல எரித்துப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும் என்பதால், நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். மிக மென்மையான, உலர்ந்த தூரிகையால், பொடியைத் தகட்டிலிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ளி எடுக்கலாம். வாயால் ஊதாதீர்கள், மூச்சிலும் ஈரம் உண்டு. வார்னிஷ் உரிந்து நின்றால் தூரிகையும் வேண்டாம். அதைத் தேர்ந்த ஒருவரே செய்ய வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆலோசனை கேட்டுத் தொடங்கலாம்.

சட்டத்தைத் திறக்கும் காலம் முக்கியமானது. வாடைக் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து தை மாதம் வரை, திறந்து மூடினால் அந்த ஈரக் காற்றையே கண்ணாடிக்குள் அடைத்து வைத்தவர்களாவோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட நாட்களில், மழை இல்லாத ஒரு பகலில் திறவுங்கள். உள்ளே பின்பலகையாகப் பைன் மரத் துண்டு இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த மரத்தின் அமிலம் படத்தின் பின்புறத்தில் மரவரிகளாகவே பழுப்பு இறக்கியிருக்கும். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் அமிலமற்ற அட்டை ஒன்று வேண்டும். முன்புறத்தில் கண்ணாடி தகடுகளைத் தொடவே கூடாது. தகடும் துணியும் மேடாக நிற்பதால், சட்டத்தின் உள்விளிம்பில் நாலைந்து மில்லிமீற்றர் கனமான அமிலமற்ற அட்டைக் கீற்றுகளை வைத்துக் கண்ணாடியை உயர்த்த வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் பெரும்பாலான படங்களில் தகடு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்ந்து வருகிறது.

உங்கள் சட்டம் புள்ளிப் புள்ளியாக வரியோடிய இளம்பழுப்பு மரமா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் இத்தகைய படங்களை மேப்பிள் மரத்தின் மெல்லிய சீவல் ஒட்டிய சட்டங்களில் வைப்பது வழக்கம். அப்படியானால் சட்டமும் படத்தின் ஒரு பகுதி; மாற்றாதீர்கள். சட்டத்துக்குள் பூச்சி உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பழைய வார்னிஷுக்கு நல்லதல்ல. இராமபாணப் பூச்சி மாப்பசையைத் தேடித்தான் வரும். பின்புறத்தின் இடுக்குகளைத் தாள்பட்டியால் அடைத்தாலே அதன் வழி அடைபடும். விறாந்தையில் மீண்டும் தொங்கவிட வேண்டாம். வெயில் நேராக விழாத உட்சுவர் ஒன்றில், நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டு வைத்து, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றோடும்படி மாட்டுங்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். வெளிறிய பட்டு திரும்ப நீலமாகாது, ஆனால் இருக்கும் நிறத்தையாவது இப்படிக் காப்பாற்றலாம்.

விழுந்த இரண்டு பொத்தான்களைச் சட்டத்தின் அடியில் தேடுங்கள். பழைய படங்களைத் திறக்கும்போது விழுந்த தகடுகள் அடிவிளிம்பின் பள்ளத்தில் தூசோடு தூசாகக் கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கிடைத்தால் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் அந்த வட்டக் கறைகளை அப்படியே விடுங்கள். அங்கே என்ன இருந்தது, எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவையே சொல்கின்றன.

தம்பலகாமத்து ஆசிரியர்

கூத்துப் பழக்கியவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று உண்டு. தம்பி எழுதியதைப் படித்ததும் அந்த மாலுமியின் நிலையைத்தான் மனக்கண்ணில் கண்டேன்: அகல வைத்த கால், ஓங்கிய வாள், முன்னே பார்க்கும் முகம். நம் வடமோடிக் கூத்தில் அரசன் களரிக்கு வரும் வரவு ஆட்டத்தை ஆடி முடித்து நிற்கும் நிலையும் இதுவே. தொலைவில் இருப்பவனுக்கும் தெரியும்படி உடம்பைப் பெரிதாக்கிக் காட்டும் நடிகனின் நிலை அது. பாவாடைபோல விரிந்து நிற்கும் கரப்புடுப்பும், கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடமும் கூத்தாடும் வட்டக்களரியின் விளக்கொளியில் எப்படி மின்னும் என்று கண்டவர்களுக்கு, இந்தப் படங்களில் ஏன் தகடு ஒட்டினார்கள் என்று விளக்கத் தேவையில்லை. இலண்டனின் பெரிய அரங்குகளான ட்ரூரி லேனிலும் கொவன்ட் கார்டனிலும் 1817இல்தான் மேடைக்கு வாயு விளக்கு வந்தது. அதற்கு முன் மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும். அசையும் சுடரில் உடையின் மினுக்கம் அசையும். அதை வீட்டுச் சுவரில் திரும்பக் காண ஆசைப்பட்டவர்கள்தான் தகடு வாங்கியிருப்பார்கள் என்பது என் துணிபு. ஆகவே இந்தப் படத்தை மின்குழாய் வெளிச்சத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாலையில், அறையை இருட்டாக்கி, பாதுகாப்பான தூரத்தில் ஒரு விளக்கை ஏற்றி, நீங்களே பக்கவாட்டில் நடந்தபடி பாருங்கள்.

இன்னொன்று. நம் பக்கத்திலும் அச்சுப்படத்துக்கு உடை உடுத்திய வழக்கம் இருந்திருக்கிறது. இரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் இலட்சுமி, சரசுவதி படங்களுக்குச் சரிகையும் ஜிகினாவும் மணியும் தைத்து அலங்கரித்தவை செட்டிநாட்டு வீடுகளில் நிறைய உண்டு. அவற்றிலும் முகத்தையும் கையையும் தொடமாட்டார்கள். சேலையும் நகையும்தான் துணியாலும் மணியாலும் அமையும். இலண்டன் இளைஞன் நடிகனுக்குச் செய்ததும் காரைக்குடிப் பெண் இலட்சுமிக்குச் செய்ததும் கைவேலை என்ற அளவில் ஒன்றே. ஒருவரில் இரசிகத்தன்மை, மற்றவரில் பக்தி. யப்பானிலும் 1794, 1795 ஆண்டுகளில் ஷராக்கு என்ற ஓவியர் கபுக்கி நடிகர்களின் முகங்களை, பின்புலம் முழுவதும் அப்பிரகத் தூள் மின்னும்படி அச்சிட்டு வெளியிட்டார்; அங்கே மினுக்கம் பதிப்பகத்திலேயே ஏறியது. தம்பி மேலும் சேகரிக்கத் தொடங்குவதானால், இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எண்ணத்தோடு தொடங்கலாம். கூத்துப் பழக்கும் நம் அண்ணாவிமாரும் கூத்தரும் உடுப்போடு எடுத்துக்கொண்ட புகைப்படங்கள், கையால் வர்ணம் தீட்டியவை, இன்னும் மூதூர், தம்பலகாமம், சம்பூர்ப் பக்கத்து வீடுகளில் இருக்கக்கூடும். அவற்றையும் தேடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன், ஏனெனில் அவற்றுக்கு அருங்காட்சியகம் இல்லை.

உவர்மலைவாசி

மூவருக்கும் என் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி நேற்று மாலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பகலில் கறுப்பாகத் தெரிந்த வாளின் அலகில் நுனியிலிருந்து பிடிவரை ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடியது. தகட்டை ஒட்டுமுன் நடுவில் நீளவாட்டில் மடித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. தோள்பட்டையில் தாளின் விளிம்பு துணிக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே துணி பின்னாலிருந்து வைக்கப்பட்டதுதான். அக்கா சொன்னபடி கச்சான் காலம் வரும்வரை சட்டத்தைத் திறக்கப் போவதில்லை; விறாந்தையிலிருந்து எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், எட்மண்ட் கீன் என்ற நடிகர் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனாக நிற்கும் படம் ஒன்றை இணையத்தில் விற்பனைக்கு வைத்திருக்கிறார். தகடுகள் எல்லாம் நேற்று ஒட்டியவைபோல மின்னுகின்றன. என் படத்தின் நிலையைக் கண்ட பிறகு, அவ்வளவு மினுக்கத்தை நம்பலாமா என்று தயக்கமாக இருக்கிறது.

அச்சுப்பட ஆர்வலர், இலண்டன்

மினுக்கம் மட்டும் குற்றமாகாது, தம்பி. வறண்ட அறையில், இறுக மூடிய சட்டத்தில், வெயில் படாமல் இருந்த தகடு இன்றும் புதிதுபோல மின்னும். இங்கே விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்திலும், யொனதன் கிங் என்பவர் சேர்த்த பெருந்தொகுப்பை வைத்திருக்கும் இலண்டன் நகர அருங்காட்சியகத்திலும் அப்படிப்பட்டவை உண்டு. அவ்வாறு இருந்தால் வர்ணமும் துணியும் கூடப் புதிதாக இருக்க வேண்டும். தாள் பழுத்து, வர்ணம் மங்கி, தகடு மட்டும் மின்னினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கீனைத் தேர்ந்ததில் மகிழ்ச்சி. 1814 சனவரி 26ஆம் நாள் ட்ரூரி லேனில் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஷைலொக்காகத் தோன்றிய ஒரே இரவில் இலண்டனை வென்ற நடிகர் அவர். அடுத்த மாதமே ரிச்சர்டாக நின்றார். அரசனின் கவசம், கிரீடம், மேலங்கி, வாள் என்று தகட்டுக்கு இடம் நிறைய இருந்ததால், அலங்கரிப்போருக்கு அந்தப் பாத்திரம் மிகப் பிடித்ததாயிற்று. அதனாலேயே பிற்காலத்தில் புதிதாகச் செய்யப்பட்டவையும் அதில் அதிகம். பழைய வெறும் அச்சு ஒன்றை எடுத்து, இருபதாம் நூற்றாண்டில் தகடு ஒட்டி விற்றவர்கள் உண்டு. வெறும் மறுபதிப்பில் ஒட்டியவர்களும் உண்டு. அதை உருப்பெருக்கியால் கண்டுகொள்ளலாம். செப்புத்தகட்டில் அச்சான கோடு முறியாமல், மை சற்று மேடாக நிற்கும். புகைப்பட முறையில் மறு அச்சிட்டதானால் முகத்தின் நிழல்கள் ஒழுங்கான புள்ளிகளாக உடையும். முகச்சாயலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்தப் பதிப்பாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தவர்கள். ஒரே முகம் இரண்டு பெயர்களோடு வருவதும் புதிதல்ல.

விற்பனையாளரிடம் நான்கு புகைப்படங்கள் கேளுங்கள்: விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தது, அடிவரியின் எழுத்துகள் தெளிவாகத் தெரிவது, ஒரு தகட்டின் விளிம்பை மிக அருகில் எடுத்தது, சட்டத்திலிருந்து வெளியே எடுத்த படத்தின் பின்புறம். பின்புறம்தான் முதன்மையானது. பழைய பசை முன்புறத்துத் தகடுகளின் வடிவிலேயே பின்னால் பழுப்பாக ஊறியிருக்கும். அண்மையில் ஒட்டியதானால் பின்புறம் சுத்தமாகவோ, வெண்பசை கசிந்த பளபளப்போடோ இருக்கும். தாள் செய்யும்போதே பதியும் நீர்க்குறி இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அக்காலத்து ஆங்கிலத் தாள்கள் சிலவற்றில் ஆண்டே நீர்க்குறியாக இருக்கும். அச்சு அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்ற அளவில் அது உறுதியான சான்று. கீன் இறந்தது 1833இல். அதற்குப் பிந்திய ஆண்டு கண்டாலும் படத்தைத் தள்ளிவிட வேண்டாம், அவர் இறந்த பிறகும் அவர் படங்கள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. விலையை மட்டும் அதற்கேற்பப் பேசுங்கள்.

படங்கள் வந்ததும் இங்கேயே இடுங்கள், பணம் அனுப்புமுன் நாங்களும் பார்த்துச் சொல்கிறோம். பின்புறத்தைக் காட்ட அவர் மறுத்தால் இந்தக் கீனை விட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒரு கீனாவது ஏலத்துக்கு வரும் ஊரில்தான் நான் இருக்கிறேன், நல்லதொன்றைக் கண்டால் எழுதுகிறேன்.